பெரியப்பாவின் பதினொரு ஆல்பங்கள்: ஏலத்தை எங்கே விடுவது?

திருச்சியில் பெரியப்பா காலமாகி ஆறு மாதம் கழித்து அவருடைய மர பீரோவைத் திறந்தார்கள். உள்ளே பதினொரு ஆல்பங்கள். ஏழில் ஸ்டாம்ப், நான்கில் காசு. பெரியம்மாவுக்கு அதில் ஒட்டுதல் கிடையாது. "அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமையெல்லாம் இதுலதான் தொலைச்சாரு" என்றார். அவர் மகன், எனக்குத் தம்பி, ஒரு வாரம் போனைத் துழாவிவிட்டு ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டான்.

"அண்ணா, இதை மட்டும் வித்தா ஒரு தடவையோட முடிஞ்சிரும். இதுல ஆரம்பிச்சு, மேற்கொண்டு வாங்கி வாங்கி ஆன்லைன்ல ஏலம் விட்டா ஒரு சைடு தொழிலா நிக்கும்ல?"

கையில் ஒரு லட்ச ரூபாய் இருந்தது. வேலையை விடப்போவதில்லை, இரவில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவான். அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: ஈபே என்ற ஆன்லைன் ஏலத் தளம், வாட்ஸப் குழு ஏலம், ஏல நிறுவனத்திடம் ஒப்படைப்பது, சொந்தமாக ஒரு தளம் போடுவது. மனதுக்குள் ஈபே என்று முடிவெடுத்துவிட்டுத்தான் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தான். யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருவார்கள்.

நான் பதினைந்து வருடமாக வாங்குகிறவன், ஏழெட்டு வருடமாக விற்கவும் செய்கிறவன். பெரிய கை இல்லை. தளத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஆல்பங்களைப் பாயில் பரப்பி மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். எங்கே விற்பது என்ற கேள்விக்குப் பாதி விடை பொருளுக்குள்ளேயே இருக்கும்.

முதல் குவியல், எழுபது எண்பதுகளில் தபால் ஆபீஸ் வரிசையில் நின்று வாங்கிய நினைவு ஸ்டாம்புகள், ஸ்டாம்ப் வெளியாகும் நாளில் முத்திரை குத்திய முதல் நாள் உறைகள், 2009ல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய்க் காசு மாதிரியானவை. வேண்டிய மட்டும் கிடைக்கும், விலை எல்லாருக்கும் தெரியும். விலை தெரிந்த பொருளை ஏலம் விட்டால் அந்த விலைக்குக் கீழேதான் போகும். மேலே கேட்க யாருக்குப் பைத்தியம்? இதற்கு ஏலமே வேண்டாம். நூறு ஸ்டாம்ப் ஒரு பாக்கெட், இன்ன விலை என்று போட்டால் போதும்.

இரண்டாவது குவியல் கொஞ்சம் சின்னது. சுதந்திரத்துக்குப் பிந்தைய நல்ல சரக்கு. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி வரிசையின் நான்கு ஸ்டாம்பும் அதில் இருந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். பெரியப்பா அவற்றைத் தனிப் பக்கத்தில் வைத்திருந்தார். பத்து ரூபாய் ஸ்டாம்புக்குக் கேட்லாக் விலை என்று ஒன்று உண்டு. ஆனால் பின்பக்கப் பசை அப்படியே இருக்கிறதா, ஆல்பத்தில் ஒட்ட வைக்கும் ஹிஞ்ச் காகிதத்தின் தடம் இருக்கிறதா, பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அது பாதியாகவும் ஆகும், இரட்டிப்பாகவும் ஆகும். ஏலம் என்ற ஏற்பாடு இந்த மாதிரிப் பொருளுக்காகத்தான் இருக்கிறது. அதுவும், இதையே விரும்புகிற இரண்டு பேராவது ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் ஆரம்ப விலைக்கு அள்ளிக்கொண்டு போவார்.

மூன்றாவது குவியல் நூறு வயது தாண்டியவை. ஒரு டப்பா நிறையப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு. 1911ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று. ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று முணுமுணுப்பு கிளம்பி அச்சையே மாற்றினார்கள். அதனால் அதற்குப் பன்றி ரூபாய் என்று பெயர். தம்பி டாலரில் விலை பார்த்து மனக்கணக்கு போட்டு வைத்திருந்தது இந்த ரூபாய்க்குத்தான். ஈபே கதையை இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

டாலர் வாசல்

ஈபே நமக்கு ஒரு காலத்தில் உள்ளூர்ச் சந்தையாக இருந்தது. 2004ல் பாஸீ டாட் காம் என்ற இந்தியத் தளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். 2017ல் இந்தியப் பிரிவு ஃப்ளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14 அன்று கடையைச் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கிருந்து ஈபேயில் விற்பது என்றால் ஏற்றுமதி என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் மீதிச் சிக்கல்கள் எல்லாம் வரிசையாகத் தெரியவரும்.

முதல் சிக்கல் சட்டம். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படி, ஆவணம் என்றால் 75 வருடமே போதும். தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. 1911ஆம் வருட ரூபாய் நூறைத் தாண்டி எத்தனையோ வருடமாகிவிட்டது. அம்மன் காசும் அப்படியே. "அண்ணா, ஆனா அங்க நிறையப் பேரு போட்டிருக்காங்களே" என்றான் தம்பி. போட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஹெல்மெட் போடாமல் நிறையப் பேர் போகிறார்கள் என்பதற்காகப் போலீஸ்காரர் உன்னை விடுவாரா என்று கேட்டேன். பழைய கடிதம், முத்திரைத்தாள், தபால் உறை விற்பவர்களும் அந்த 75 வருடக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். பார்வைக்குப் பழசாகத் தெரிந்து உண்மையில் வயது குறைந்த பொருளுக்குத் தொல்லியல் துறை 'தொல்பொருள் அல்ல' என்று சான்று தரும். ஆனால் முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு யார் போய் அலைவது?

இரண்டாவது, காகிதம். ஏற்றுமதி செய்ய ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். அதற்குக் கட்டணம் ரூ. 500தான், ஆன்லைனிலேயே முடியும். ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். 40 லட்சம் விற்பனை வரை பதிவு தேவையில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை மாநிலத்துக்குள் விற்பவருக்கு. ஏற்றுமதியை வெளிமாநில விற்பனை மாதிரியே பார்க்கிறது சட்டம், ஆகவே முதல் ரூபாயிலிருந்தே பதிவு. ஏற்றுமதிக்கு வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் எல்யூடி என்ற உறுதிமொழியைத் தாக்கல் செய்து, தவறாமல் ரிட்டர்ன் போட வேண்டும். இவன் அளவுக்கு இது வருடத்துக்கு ஒரு ஆடிட்டர் கட்டணம்.

மூன்றாவது, பிடித்தம். ஈபே பெரும்பாலான பிரிவுகளில் நூற்றுக்குப் பதிமூன்று அல்லது கொஞ்சம் மேலே எடுக்கிறது. அதை ஏல விலைக்கு மட்டும் போடுவதில்லை, தபால் செலவையும் வாங்குபவர் கட்டும் வரியையும் சேர்த்த மொத்தத்துக்குப் போடுகிறார்கள். பொருள் 30 டாலர், தபால் 5 டாலர் என்றால் நாலரை டாலருக்கு மேல் அங்கேயே போய்விடும். அதற்கு மேல் ஆர்டருக்கு இத்தனை சென்ட் என்று ஒரு நிலையான கட்டணம். பணம் பேயோனீர் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக நம் வங்கிக்கு வரும்போது மாற்று விகிதத்தில் இன்னும் கொஞ்சம் கரையும்.

நான்காவது தபால். நம் அஞ்சல் துறை 2022 கடைசியில் டாக்கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களைத் திறந்தது. சுங்கப் பத்திரத்தை ஆன்லைனில் நிரப்பி அருகிலுள்ள மையத்திலேயே பார்சலைக் கொடுத்துவிடலாம். சின்ன ஆட்களுக்கு இது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்குக் கொடுத்துவந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. அந்தக் குழப்பத்தில் இந்தியத் தபால் அமெரிக்காவுக்குப் போவது நின்று, அக்டோபர் நடுவில்தான் மறுபடி ஆரம்பித்தது, தீர்வையை இங்கேயே முன்கூட்டி வசூலிக்கும் முறையோடு. அந்த ஏழு வாரமும் விற்ற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு "கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். பொறுக்காதவருக்குப் பணத்தைத் திருப்பினேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஈபேயை விடமுடியவில்லை? கேட்கிற கூட்டம். காந்தி ஸ்டாம்ப் மட்டுமே சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பறவை, ரயில், சதுரங்கம் என்று ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு சேர்க்கிற ஆட்களை இங்கே ஒரு குழுவில் இரண்டு பேர் பார்க்கலாம், அங்கே இருநூறு பேர் பார்க்கலாம். அங்கே ஏலம் நடக்கிற விதமும் அழகு. நீங்கள் தரத் தயாரான உச்சத்தை ரகசியமாக எழுதி வைத்துவிடலாம். எதிராளி கேட்டதற்கு ஒரு படி மேலே மட்டும் உங்களுக்காக அதுவே கேட்டுக்கொண்டு போகும். ஆக, ஜெயிப்பவர் கொடுப்பது இரண்டாவது ஆளின் விலையும் கொஞ்சமும். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961ல் இந்த முறையைப் பற்றி ஆராய்ந்து எழுதினார், 1996ல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அமெரிக்காவில் ஸ்டாம்ப் வியாபாரிகள் 1893லேயே தபால்வழி ஏலத்தில் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஜாதியைப் பற்றிப் பெருமைப்பட எனக்குக் கிடைத்த ஒரே விஷயம் இது.

புதியவனுக்கு அங்கே இன்னொரு தடை. கணக்கு ஆரம்பித்தவுடன் மாதம் இத்தனை பொருள், இவ்வளவு தொகை என்று வரம்பு வைப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில், வாங்கியவர்கள் தந்த மதிப்பீட்டுக் கணக்கு பூஜ்யம் என்று நிற்கும். பூஜ்யம் போட்ட ஆளிடம் யாரும் துணிந்து கேட்கமாட்டார்கள். நல்ல சரக்கை முதலில் இறக்கினால் நஷ்டம்தான்.

ஒன்பது மணி குளோசிங்

வாட்ஸப் குழு ஏலத்தை வெளியாட்கள் நம்பமாட்டார்கள். இருநூறு முந்நூறு பேர், ஒரு அட்மின், குழுவின் மேலே ஒட்டிவைத்த ஒரு விதிப்பட்டியல். அவ்வளவுதான் கட்டமைப்பு. விற்கிறவர் முன்பக்கம் பின்பக்கம் இரண்டு படம் போட்டு, லாட் (ஏலத்துக்கு விடும் ஒரு உருப்படி) எண், பேஸ் விலை, எத்தனை ரூபாய் ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்குக் குளோசிங் என்று எழுதுவார். வேண்டியவர் அந்தப் படத்துக்கே பதிலாகத் தொகையை எழுதுவார். கேட்டதை அழித்தாலும் செல்லும், யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். முடிந்ததும் ஜிபேயில் பணம், விலாசம், மறுநாள் தபால்.

அந்த ஐந்து நிமிட நீட்டிப்பு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். விற்கிறவனுக்கு அதில்தான் லாபம். ஈபேயில் முடியும் நேரம் முடியும் நேரம்தான், அதனால் கடைசி நொடி வரை பதுங்கியிருந்து அடிக்கிறவர்கள் அதிகம். அமேசான் ஏலம் நடத்திய காலத்தில் அங்கே நீட்டிப்பு விதி இருந்தது. ஆல்வின் ராத், ஆக்ஸல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் இரண்டையும் ஒப்பிட்டு 2002ல் எழுதினார்கள். முடிவு நேரம் நிலையாக இருக்கும் இடத்தில்தான் கடைசி நிமிடக் கேள்வி அதிகம் என்று கண்டார்கள். நம் ஊர்க் கோயில் வாசலில் ஏலம் விடுகிறவருக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். "ரெண்டு தரம்..." என்று இழுத்துக்கொண்டே கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார். யாராவது வாயைத் திறந்தால் மறுபடி ஒரு தரத்திலிருந்து ஆரம்பிப்பார்.

குழுவில் பிடித்தம் கிடையாது. சில இடத்தில் அட்மினுக்கு ஒரு சிறு சதவீதம், சில இடத்தில் அதுவும் இல்லை. பணம் அன்றைக்கே வரும். நல்ல பேர் எடுத்தால் ஆறு மாதத்தில் உங்கள் லாட்டுக்காகக் காத்திருக்கிற பத்துப் பேர் அமைவார்கள். தம்பிக்கு வேண்டிய படிப்பு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எது எந்த விலைக்குப் போகிறது, எந்தப் படத்தைப் பார்த்து ஆட்கள் விலகுகிறார்கள், எந்த மாதம் மந்தம் என்பதையெல்லாம் தினமும் இரவு உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மூன்று மாதம் வாங்கு, விற்காதே. வாங்குகிறவனாக ஏமாந்தால் ஐந்நூறு ரூபாயோடு போகும்.

குழுவின் நோய்களும் எனக்குத் தெரியும். கட்டாமல் ஓடுகிறவர்தான் முதல் நோய், 'பேக் அவுட்' என்போம். ஒரு முறை என் லாட் ஒன்று ரூ. 6,400க்கு முடிந்தது. ஜெயித்தவர் மறுநாள் போனை எடுக்கவில்லை. இரண்டாவது ஆள் ரூ. 6,200 கேட்டிருந்தார். அவரிடம் போனால், "சார், அவர் ஏத்திவிட்டதாலதான் நான் அவ்வளவு தூரம் வந்தேன். நிஜத்துல நாலாயிரம்தான்" என்றார். அவர் சொன்னது நியாயம். கட்டாதவன் தன் விலையை மட்டும் கெடுப்பதில்லை, கீழே இருக்கிற விலையையும் சேர்த்தே கெடுத்துவிடுகிறான். நாலாயிரத்துக்குக் கொடுத்தேன்.

இரண்டாவது நோய் ஆள் வைத்து ஏற்றுவது. விற்கிறவரின் மச்சான் இன்னொரு நம்பரில் வந்து கேட்பார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: வாங்குகிறவர்கள் தனியாக ஒரு குழு வைத்து "இந்த லாட் உனக்கு, அடுத்தது எனக்கு" என்று பேசி வைத்துக்கொள்வது. கண்மாய் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நல்ல அட்மின் இருக்கிற குழுவில் இரண்டும் குறைவு. ஆகவே எந்தக் குழு என்பதைவிட யார் அட்மின் என்று விசாரியுங்கள். பணம் வந்ததாகப் போலி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவது மூன்றாவது. வங்கியில் விழுந்ததைப் பார்க்காமல் கவரை ஒட்டாதீர்கள். பழைய நோட்டுக்கும் காசுக்கும் லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் இன்னொரு வகை. அப்படி யாரையும் நாங்கள் நியமிக்கவில்லை என்று வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது.

சட்டம் இங்கேயும் உண்டு, ஆனால் குழுவில் யாரும் பேசுவதில்லை. நம் வீட்டு ஆல்பத்தை ஒரு முறை விற்பது வேறு, வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வது வேறு. தொழில் என்று வந்து, திருச்சியிலிருந்து கொச்சிக்கு ஒரு கவர் அனுப்பினால் அது வெளிமாநிலச் சப்ளை, ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு எடுத்தவருக்கு ஒரு ஆறுதல் உண்டு. பழைய பொருளை வாங்கி அப்படியே விற்பவர், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையை எடுக்காமல் இருந்தால், முழு விலைக்கும் கட்ட வேண்டாம், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. பில் போடும்போது ஆடிட்டரிடம் இதைத் தவறாமல் கேளுங்கள். மதிப்பு நீக்கிய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் ஆல்பத்தில் இருந்தால், 2017ஆம் வருடச் சட்டப்படி சாதாரண ஆள் பத்து நோட்டு வரை, ஆராய்ச்சிக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரைதான் வைத்திருக்கலாம். கட்டாக வாங்கி விற்கும் யோசனை வேண்டாம்.

தபால் செலவு சிறு லாட்டுகளைக் கொல்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் தபால் தனியாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். வெளியூருக்கு 50 கிராம் வரை ரூ. 47, கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவு வேண்டும் என்றால் இன்னும் ஐந்து, அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஒரு கவருக்கு அறுபது ரூபாயைத் தாண்டிவிடுகிறது. நூறு ரூபாய் லாட்டுக்கு அறுபது ரூபாய்த் தபால் என்றால் யார் கேட்பார்கள்? அதனால் குழுக்களில் 'பூலிங்' வைத்திருக்கிறார்கள். ஜெயித்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டே போய் மாதத்துக்கு ஒரு முறை ஒரே கவரில் அனுப்புவது. விற்கிறவருக்கு இதில் ஒரு வேலை கூடும்: யாருடைய பொருள் எந்தக் கவரில் என்று எழுதி வைக்க வேண்டும். நான் ஒரு முறை இருவரின் கவரை மாற்றி அனுப்பிவிட்டு இரண்டு பேருக்கும் தபால் செலவு கட்டினேன். அன்றிலிருந்து நோட்டுப் புத்தகம்.

பெரிய கடை

மும்பையில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் பொருளை வாங்கி, சரிபார்த்து, படம் எடுத்து, கேட்லாக் போட்டு ஏலம் விடுகின்றன. ஆன்லைனிலும் கேட்கலாம். தொல்பொருளைத் தொழிலாக விற்க அந்த 1972ஆம் வருடச் சட்டப்படியே லைசென்ஸ் வேண்டும். நூறு வயது தாண்டிய சரக்கை நாட்டுக்குள்ளேயே, சரியான வழியில், நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்றால் லைசென்ஸ் உள்ள ஏல நிறுவனத்தைவிட நிம்மதியான இடம் எனக்குத் தெரியவில்லை. பன்றி ரூபாய் மாதிரிப் போலி மலிந்த பொருளுக்கு இது இன்னும் பொருந்தும். குழுவில் படத்தைப் பார்த்து "ஒரிஜினல்தானா?" என்று பத்துப் பேர் கேட்டுவிட்டு ஒருவரும் ஏலம் கேட்கமாட்டார்கள். கேட்லாக்கில் வந்தால் அந்தக் கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்லிவிடுகிறது. (1939ஆம் வருட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் உங்கள் வீட்டில் இருந்தால், அநேகமாக அது போலி. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.)

குறைகள்: மெதுவாக நடக்கும். ஒப்படைத்து, கேட்லாக் வந்து, ஏலம் முடிந்து, பணம் வர மாதக்கணக்கில் ஆகும். சின்ன சரக்கைத் தொடமாட்டார்கள். கமிஷன் உண்டு, பேசிக் குறைக்கலாம். வாங்குபவரிடம் ஏல விலைக்கு மேல் பிரீமியம் என்று ஒரு சதவீதம் வசூலிப்பார்கள். அது அவர் பாடு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கேட்கிறவர் அதைக் கழித்துக்கொண்டுதான் தன் உச்சத்தை வைக்கிறார், ஆகவே அதுவும் சுற்றி வளைத்து நம் பையிலிருந்து போவதுதான். ரிசர்வ் விலையை, அதாவது அதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற விலையை, எழுத்தில் வாங்குங்கள். விற்காமல் திரும்பினால் ஏதாவது கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

இதைத் தொழில் என்று சொல்ல முடியாது. நல்ல பொருள் கையில் வந்தால் கொடுத்துவிட்டு வருகிற இடம், அவ்வளவே.

சொந்தத் தளத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏல மென்பொருள் கிடைக்கிறது, பணம் வாங்கும் வசதியைச் சேர்த்துவிடலாம். ஆளில்லாத மைதானத்தில் ஒரு தரம், ரெண்டு தரம் என்று கத்திக்கொண்டிருக்க வேண்டும். ஐந்நூறு நிலையான வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

மூன்று குவியலுக்கு மூன்று இடம் என்று ஆனது. பாக்கெட் சரக்கு நிலையான விலைக்குக் குழுவில். சுதந்திரத்துக்குப் பிந்தைய நல்ல ஸ்டாம்புகள் குழு ஏலத்தில், பத்து ரூபாய் காந்தியைத் தவிர. அதையும் பன்றி ரூபாயையும் ஏல நிறுவனத்துக்கு. ஈபே ஒரு வருடம் கழித்து, ஜிஎஸ்டியும் ஐஇசியும் எடுத்த பிறகு, 1950க்கு அப்புறம் வந்த பறவை, ரயில் வகைச் சரக்கை மட்டும் வைத்து, சின்னதாக. பூஜ்யம் முப்பதாகும் வரை மலிவான லாட்டுகள்தான். ஒரு லட்சத்தை மொத்தமாகப் போட வேண்டாம் என்று இருபதாயிரத்தோடு நிறுத்தினேன். அதில் ஐந்தாயிரம் நல்ல ஸ்கேனருக்கும் கவர், அட்டை, பிளாஸ்டிக் உறைக்கும். போனில் எடுத்த படத்தில் பழுப்புப் புள்ளி தெரியாமல் போய், பொருள் திரும்பி வந்த கதை என்னிடமே இரண்டு இருக்கிறது.

"அப்ப டாலர் கெடையாதா?" என்றான். முகம் வாடித்தான் போனது.

அம்மன் காசு டப்பாவை மட்டும் பெரியம்மா கொடுக்கவில்லை. அவர் பிறந்த ஊர் புதுக்கோட்டை. அந்தச் சமஸ்தானத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு அம்மன் காசும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அவருடைய பாட்டி அப்படி வாங்கிய காசும் அந்த டப்பாவில் இருக்கிறதாம். அது இப்போது பூஜை அலமாரியில் இருக்கிறது.

மூன்று மாதம் வாங்கிப் பார்த்துவிட்டுத் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்திலிருந்து பத்து லாட் போட்டான். ஒன்பது மணிக் குளோசிங் ஒன்பது இருபத்தைந்து வரை இழுத்தது. ஏழு லாட் போனது, மொத்தம் ரூ. 3,150. நேற்று இரவு வரை ஆறு பேர் பணம் போட்டிருந்தார்கள். ஏழாவது ஆள் மெசேஜைப் பார்த்துவிட்டார், நீலக் கோடு இரண்டும் வந்துவிட்டது, பதில் வரவில்லை.